டிரை ஐஸ் எத்தனை கிலோ? நுவரெலியா ஸ்ட்ரோபெரிக்கு ஒரு தராசுக் கணக்கு

மாலேயிலிருந்து வாட்ஸ்அப்பில் படம் வந்தபோது நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். உறைய வைத்து அனுப்பிய ஸ்ட்ரோபெரிப் பைகளின் அடியில் சிவப்புத் தண்ணீர் தேங்கியிருந்தது. நடுவில் இருந்த பழங்கள் கல்லாகத்தான் இருந்தன. ஓரத்துப் பழங்கள் தொட்டால் அமுங்கின. மூன்று பெட்டி, முப்பது கிலோ. வாங்குபவர் நல்ல மனிதர், திட்டவில்லை. "பெட்டிக்குள் ஐஸ் எதுவும் இருக்கவில்லையே, போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

போட்டிருந்தோம். பெட்டிக்கு 5 கிலோ. பத்துக் கிலோ பழத்துக்கு ஐந்து கிலோ டிரை ஐஸ், அதாவது சரக்கின் எடையில் பாதி. இந்தக் கணக்கை யார் சொன்னார்கள் என்று இப்போது யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. எல்லோரும் சொல்வார்கள். அதை நம்பியதற்கு விலை முப்பது கிலோ பழம், மூன்று பெட்டிக்கான விமானக் கூலி, பாதி இராத் தூக்கம்.

அதற்குப் பிறகு மூன்று மாதமாகத் தராசும் கொப்பியுமாக உட்கார்ந்து செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் பொலித்தீன் கூடாரத்தில் ஸ்ட்ரோபெரி போடுகிறவர்கள் நிறையப் பேர். யாராவது ஒருவர் என்னைப்போல் மாலைதீவுக்கு அனுப்ப யோசித்தால் இது உதவும்.

டிரை ஐஸைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். அது உறைந்த காபனீரொட்சைட்டு. கடல் மட்டத்தில் -78.5 பாகையில் இருக்கும். உருகாது, நேரே வாயுவாகிப் போய்விடும். ஒரு கிலோ வாயுவாகும்போது 571 கிலோஜூல் வெப்பத்தை விழுங்கும். சாதாரண ஐஸ் ஒரு கிலோ உருகினால் விழுங்குவது 334 கிலோஜூல். இந்த 571 ஐ மட்டும் கொப்பியின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்தேன். மற்றதெல்லாம் பெட்டிக்குள் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வெப்பம் நுழைகிறது என்ற கேள்விதான். அதில் பழத்தின் எடைக்கு எந்த வேலையும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பத்துக் கிலோ பழம் வைத்தாலும் எட்டுக் கிலோ வைத்தாலும் அதே சுவர், அதே வெயில். "சரக்கில் பாதி" என்பது அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

எங்கள் பெட்டி மீன்காரர்கள் பாவிக்கும் வெள்ளை ரெஜிபோம் பெட்டிதான். வெளியே 60 × 40 × 40 சென்டிமீற்றர், சுவர்த் தடிப்பு 5 சென்டிமீற்றர், உள்ளே 45 லீற்றர் இடம். சுவரின் நடுவாக அளந்தால் ஆறு பக்கமும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு சதுர மீற்றர் வருகிறது. ரெஜிபோமின் வெப்பக் கடத்துதிறன் 0.035 என்று எடுத்துக்கொண்டேன். வெளியே 30 பாகை, உள்ளே -78 என்றால் வித்தியாசம் 108. 0.035 ஐ 108 ஆல் பெருக்கி 0.05 ஆல் வகுத்தால் 75 வாட் சொச்சம். மணிக்கு 272 கிலோஜூல். அதை 571 ஆல் வகுத்தால் மணிக்கு 0.48 கிலோ டிரை ஐஸ்.

இந்த எண்ணைப் பார்த்ததுமே முதல் அனுப்பலில் நடந்தது புரிந்துவிட்டது. 5 கிலோ, பத்து மணி நேரத்துக்கும் கொஞ்சம் மேல். நாங்கள் பெட்டியை மூடியது இரவு 9 மணிக்கு நுவரெலியாவில். அப்படியென்றால் காலை 8 மணி வாக்கில், பெட்டி இன்னும் கட்டுநாயக்கவில் விமானத்தில் ஏறாமல் இருக்கும்போதே, ஐஸ் முடிந்திருக்கும். மாலைதீவுச் சமையலறையில் திறந்தது அன்றிரவு 9 மணிக்கு. முழுதும் உருகாமல் போனதே பெரிய காரியம்.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். 0.48 உண்மையா என்று பார்க்காமல் அடுத்த பெட்டியைக் கட்டப் பயமாக இருந்தது. கூடப் போட்டால் விமானக் கூலி. குறையப் போட்டால் மறுபடி சிவப்புத் தண்ணீர்.

சோதனை மிக எளிது. பெட்டியைத் தராசில் வைத்துக் கட்டிவிட வேண்டியது, மணிக்கொரு தரம் எடையை எழுத வேண்டியது. பெட்டியைத் திறக்கவே கூடாது. பழம் எங்கும் போகாது, பெட்டியும் எங்கும் போகாது. குறைகிற எடை எல்லாம் பறந்துபோன ஐஸ். மரக்கறி மொத்தக் கடையில் பாவிக்கும் 30 கிலோ டிஜிட்டல் தராசு ஒன்றை இரவல் வாங்கினேன். ஒரே எச்சரிக்கை: பெட்டியின் வெளியே வியர்வை படியும், அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் எடை எடுக்க வேண்டும். எங்கள் ஊர் மூடுபனியில் அதுவே நூறு கிராம் காட்டிவிடும்.

சோதனைக்கு ஐஸ் கொண்டுவந்த கதையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். டிரை ஐஸ் கொழும்புப் பக்கத்தில்தான் கிடைக்கிறது, மலையில் இல்லை. வேன் ஓட்டும் அண்ணன் 20 கிலோவை ஒரு ரெஜிபோம் பெட்டியில் வைத்துக்கொண்டு கண்டி, கம்பளை, புசல்லாவை வழியாக ஏறினார். றம்பொடை தாண்டியதும் குளிர். கண்ணாடியை ஏற்றிவிட்டார். வீட்டு வாசலில் இறங்கும்போது தலையைப் பிடித்துக்கொண்டே இறங்கினார். "மூச்சு இழுத்து இழுத்து வந்துச்சுப்பா, மேலே ஏறுனதாலயோ என்னமோ" என்றார். மேலே ஏறியதால் இல்லை. பெட்டியை எடை போட்டால் 17.2 கிலோ. ஆறு மணி நேரத்தில் 2.8 கிலோ அவருடைய வேனுக்குள் வாயுவாகியிருக்கிறது. ஒரு கிலோ டிரை ஐஸ் சாதாரண வெப்பத்தில் 540 லீற்றர் வாயு. மணிக்குச் சுமார் 250 லீற்றர். வேனின் உள்ளே மிஞ்சி மிஞ்சிப் போனால் 6,000 லீற்றர் காற்று. வெளிக்காற்று நுழையவே இல்லை என்று வைத்தால் ஒரு மணி நேரத்தில் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கப்படும் அளவு அது. வேலைத்தளத்தில் எட்டு மணி நேரத்துக்கு ஏற்கும் வரம்பு 5,000 தான். வேன் கதவிடுக்குகள் பழசாக இருந்தது நல்லதாகப் போயிற்று. அன்றிலிருந்து டிரை ஐஸ் ஏற்றினால் முன்பக்கத்து இரண்டு கண்ணாடியும் நாலு விரல் திறந்திருக்க வேண்டும், குளிர்சாதனத்தை உள்காற்றுச் சுழற்சியில் வைக்கக் கூடாது, வேனுக்குள் யாரும் தூங்கக் கூடாது. அண்ணன் இப்போது காதை மூடித் தொப்பி போட்டுக்கொண்டு ஓட்டுகிறார். இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும். அதனால் வீட்டிலும் பெட்டியைக் காம்பராவுக்குள் வைக்காமல் வெளித் திண்ணையில் வைத்தேன். எங்கள் நாய் படுப்பது தரையில் அல்லவா.

இன்னொன்றும் அந்த 17.2 சொன்னது. ஆறு மணி நேரத்துக்கு 2.8 கிலோ என்றால் மணிக்கு 0.47. என் ஏட்டுக் கணக்கு 0.48. ஐஸ் மட்டும் நிரம்பிய பெட்டியில் உள்சுவர் எல்லாம் -78 ஆகவே இருக்கும், அதனால்தான் கணக்கு அப்படியே பொருந்தியது. பழம் வைத்த பெட்டியில் என்ன ஆகும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதல் சோதனை எங்கள் வீட்டுத் திண்ணையில். பெட்டி 1.1 கிலோ, பழம் 10 கிலோ, ஐஸ் 6 கிலோ, மொத்தம் 17.1. அடியில் பழம், மேலே ஐஸ், இடைவெளி எல்லாம் கசக்கிய பத்திரிகைத் தாள். குளிர்ந்த வாயு கீழே இறங்கும் என்பதால் ஐஸ் மேலேதான் இருக்க வேண்டும். முதல் மணியில் 0.6 கிலோ போயிற்று, இரண்டாவது மணியில் 0.4. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் 0.29 க்கு இறங்கி, விடியும்வரை அதிலேயே நின்றது. பத்து மணி நேர முடிவில் 13.8.

முதல் இரண்டு மணி நேரத்துக் கூடுதல் எங்கே போனது? பழத்துக்குள். எங்கள் ஃபிரீசரிலிருந்து வந்த பழம் -16 இல் இருந்தது. டிரை ஐஸ் அதை -35 வரை இழுத்துக்கொண்டு போகிறது. உறைந்த ஸ்ட்ரோபெரி ஒரு கிலோவை ஒரு பாகை குளிரவைக்க 1.9 கிலோஜூல் அளவு வேண்டும். பத்துக் கிலோ, இருபது பாகை, 380 கிலோஜூல், 0.67 கிலோ ஐஸ். தராசு காட்டிய கூடுதல் 0.4 சொச்சம்தான், ஆனாலும் கணக்குக்கு 0.7 என்றே வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. பழத்தைக் குளிர்பெட்டியில் சும்மா குளிரவைத்து, உறைய வைக்கும் வேலையை டிரை ஐஸிடமே விட்டால் என்ன? பூச்சியப் பாகையிலிருந்து உறைய வைக்கக் கிலோவுக்கு ஏறத்தாழ 300 கிலோஜூல் போகும், ஸ்ட்ரோபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பத்துக் கிலோ உறையவே 5.3 கிலோ ஐஸ் காலி. விட்டுவிட வேண்டிய ஆசை. பழத்தைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி இரவு முழுக்க உறைய வைத்து, அப்புறம் பையில் போடுவதுதான் சரி.

சரி, மணிக்கு 0.29. இருபது மணி நேரத்துக்கு 5.8, முதல் குளிரூட்டலுக்கு 0.7, ஆக 6.5 கிலோ. கொஞ்சம் கூட்டி 7 போட்டால் போதும் என்று கொப்பியில் எழுதி அடியில் இரட்டைக் கோடும் போட்டுவிட்டேன்.

அந்தக் கோட்டை அழிக்க வைத்தது மனைவி. அவள் தேயிலைத் தொழிற்சாலையில் எடை பார்க்கிறவள், எண்ணைப் பார்த்தால் சந்தேகப்படுவதுதான் தொழில். "இங்கே சுவெட்டர் போட்டுக்கொண்டு எடை பார்த்தீங்க. பெட்டி கட்டுநாயக்கவில் வெயிலில் அல்லவா நிற்கும்?" என்றாள்.

அன்றிரவு திண்ணையில் 13 பாகை. பகலில்கூட 17 ஐத் தாண்டவில்லை. 1,868 மீற்றர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கடற்கரை விமான நிலையத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். நுவரெலியாவில் சோதனை செய்தால் எந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான்.

நீர்கொழும்பில் மச்சான் இருக்கிறார், மனைவியின் தம்பி. விமான நிலையத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். அவர் வீட்டுக் கார்ப் போர்ச்சில் அதே பெட்டி, அதே எடை பழம், அதே 6 கிலோ ஐஸ். நிழலில் 31 பாகை. முதல் இரண்டு மணி நேரம் கழிந்தபின் மணிக்கு 0.36. மதியம் பெட்டியை மொட்டை மாடி வெயிலில் வைத்தோம். வெள்ளைப் பெட்டிதான், ஆனாலும் சீமெந்துத் தளம் கொதித்தது. 0.45. மச்சான் மாடிக்கும் தராசுக்குமாக நடந்து களைத்து, "அத்தான், இதுக்கு நேரா ஐஸ் பழமாவே வித்திருக்கலாம்" என்றார்.

ஆக, ஒரே பெட்டிக்கு மூன்று எண்: மலையில் 0.29, நிழலில் 0.36, வெயிலில் 0.45. ஏட்டில் 0.48. ஏட்டுக் கணக்கு கூடுதலாகக் காட்டியதற்குக் காரணம், பழத்தை ஒட்டிய சுவர்கள் -78 இல் இல்லை. மேல்பக்கம் -78, அடியில் -30 சொச்சம், சராசரியாக -50 என்று வைத்தால் கணக்கும் தராசும் ஒத்துப்போகின்றன. இன்னொரு சிறு இலாபம், வெளியேறுகிற வாயுவே குளிராக இருப்பது. பழத்தைச் சுற்றி ஓடி வெளியேறும்போது அதுவும் கொஞ்சம் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. என் மலிவான வெப்பமானி -50 க்குக் கீழே போனால் வெறும் எழுத்தைக் காட்டி நின்றுவிடும், அதனால் மேல்பக்கத்தை அளக்க முடியவில்லை. பழப்பைகளுக்கு நடுவில் மட்டும் வைத்தேன்.

இதற்கிடையில் யாரோ கட்டியாக வாங்கினால் பாதிதான் கரையும், குருணையாக வாங்கினால் சீக்கிரம் போய்விடும் என்று சொன்னார்கள். திறந்த தட்டில் வைத்தால் உண்மை. இறுக்கமான பெட்டிக்குள் ஐஸ் எவ்வளவு போகும் என்பதைச் சுவர் வழியாக வரும் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. இரண்டையும் வைத்துப் பார்த்தேன். நான் தட்டையான கட்டி வாங்குவது பழத்தின் மேல் ஒழுங்காக உட்காரும் என்பதற்காக மட்டும்.

அடுத்தது நேரம். இதில்தான் நான் பெரிய முட்டாள். கொழும்பிலிருந்து மாலேக்கு விமானம் ஒன்றரை மணி நேரம், அதனால் இது சின்னப் பயணம் என்று மனதில் பதிந்திருந்தது. டிரை ஐஸுக்கு விமானம் தெரியாது. பெட்டி மூடிய நிமிடத்திலிருந்து திறக்கும் நிமிடம் வரைதான் அதற்குத் தெரியும். அதைத் துண்டு துண்டாக எழுதினேன். இரவு 9 மணிக்கு மூடினால் வீதியில் ஆறரை மணி நேரம், பாதி குளிர், பாதி சூடு: 0.32 வீதம் 2 கிலோ. கட்டுநாயக்கவில் ஒப்படைப்பு, சோதனை, காத்திருப்பு, விமானத்தின் பக்கத்தில் தரையில் நிற்பது என்று ஏழு மணி நேரம்: 0.42 வீதம் 3 கிலோ. விமானத்தில் அரைக் கிலோ. மாலேயில் இறக்கி, சுங்கம் முடித்து, படகில் ஏற்றித் தீவில் சேர்க்க ஐந்தரை மணி நேரம்: 0.45 வீதம் 2.5. முதல் குளிரூட்டல் 0.7. கூட்டினால் 8.7 கிலோ. எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடந்தால். விமானம் தாமதம், படகு தாமதம் என்று இன்னொரு பன்னிரண்டு மணி நேரத்துக்கு 4.5. மொத்தம் 13 கிலோவுக்கு மேல். அந்தக் கூட்டலில் விமானத்தின் பங்கைப் பாருங்கள், அரைக் கிலோ. மாலேயில் கடிகாரம் நம்மைவிட அரை மணி நேரம் பின்னால் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் "5 மணிக்குத் திறந்தோம்" என்றால் நமக்கு ஐந்தரை.

13 கிலோ ஐஸ், 10 கிலோ பழம். மச்சான் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, விமானக் கூலி ஞாபகம் வந்தது.

விமானக் கூலி உண்மை எடைக்கும் கன அளவு எடைக்கும் இடையில் எது பெரிதோ அதற்கு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீற்றரில் பெருக்கி 6,000 ஆல் வகுப்பார்கள். எங்கள் பெட்டிக்கு 16 கிலோ. பெட்டியும் பழமும் சேர்ந்து 11.1, அப்படியென்றால் ஏறத்தாழ 5 கிலோ ஐஸ் வரை கூலி கூடாது, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. பெட்டியைத் தடிப்பாக்கினால் ஐஸ் குறையும் என்று 2.5 சென்டிமீற்றர் ரெஜிபோம் தகடுகளை வெளியே ஒட்டிப் பார்த்தேன். நீர்கொழும்பு நிழலில் 0.36 ஆக இருந்தது 0.27 ஆனது, கால் பங்கு குறைந்தது. ஆனால் பெட்டி 65 × 45 × 45 ஆகி, கன அளவு எடை 22 கிலோவுக்கு ஏறிவிட்டது. ஐஸில் மிச்சம் பிடித்ததை அளவில் கொடுத்தாகிவிட்டது. ஒட்டிய தகடுகளை மனமில்லாமல் பிய்த்தேன். அவை இப்போது கோழிக்கூட்டுக் கூரையில் இருக்கின்றன. பெரிய பெட்டியில் இருபது கிலோவாகக் கட்டினால் ஒரு கிலோ பழத்துக்கான ஐஸ் குறையும், ஏனென்றால் பழம் இரட்டிப்பானாலும் சுவர்ப்பரப்பு ஒன்றரை மடங்குதான் ஆகும். ஆனால் நாற்பது கிலோவுக்கு மேல் கனக்கும் பெட்டியைப் படகில் ஏற்றுபவர் அன்பாகக் கையாள்வார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருந்தது. ஐஸை நாங்கள் கடற்கரையில் வாங்கி, மலைக்கு ஏற்றி, மறுபடி கடற்கரைக்கு இறக்கிக்கொண்டிருந்தோம். ஏறும்போது 2.8 கிலோ, இறங்கும்போது பெட்டிக்கு 2 கிலோ, எல்லாம் றம்பொடைக் காற்றில். ஐஸ் கீழேயே இருக்கட்டும், பழம் மட்டும் இறங்கட்டும். ஆனால் ஆறரை மணி நேரம் ஐஸ் இல்லாமல் பழம் எப்படி இறங்கும்? ரெஜிபோம் பெட்டியில் தனித்தனியாக வைத்தால் கணக்குப்படி உருகத் தொடங்கிவிடும்.

பழைய ஐஸ்கிரீம் ஃபிரீசர் ஒன்று, மூடி மேலே திறக்கிற பெரிய ரகம், ஒரு கடையிலிருந்து மலிவாக வாங்கினோம். சுவர் ஆறு ஏழு சென்டிமீற்றர், உள்ளே ரெஜிபோமைவிட நல்ல பொலியூரித்தேன். அதில் 50 கிலோ பழத்தை இரண்டு நாள் வைத்து -22 க்குக் கொண்டுவந்தோம். இரவு எட்டரைக்கு மின்கம்பியைக் கழற்றி, நாலு பேர் பிடித்து நிமிர்த்தியபடியே வேனில் ஏற்றி, கயிறு போட்டு, மேலே இரண்டு தடித்த கம்பளி. நீர்கொழும்பில் அதிகாலை 3 மணிக்குத் திறந்தபோது நடுப்பையில் -15. ஏழு பாகைதான் ஏறியிருந்தது. ஐம்பது கிலோ ஒரே மொத்தமாக இருப்பதால் அதற்கே ஒரு பொறுமை வந்துவிடுகிறது. மலைக்குத் திரும்பியதும் ஃபிரீசரைச் சில மணி நேரம் அசையாமல் நிற்கவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்கிறோம், குலுங்கிய எண்ணெய் கொம்பிரசருக்குத் திரும்ப வேண்டும்.

மச்சான் முந்தின நாள் மாலையே ஐஸ் வாங்கி ஒரே பெரிய பெட்டியில் வைத்திருப்பார், மொத்தமாக இருந்தால் இழப்பு வீதம் குறைவு. காலை 4 மணிக்குள் ஐந்து பெட்டியும் கட்டி முடியும். இப்போது மூடியதிலிருந்து திறக்கும்வரை பதின்மூன்றரை மணி நேரம். கட்டுநாயக்கவுக்கு 2.5, விமானத்துக்கு 0.5, மாலைதீவுப் பக்கத்துக்கு 2.7, குளிரூட்டலுக்கு 0.6. கூட்டினால் 6.3. பன்னிரண்டு மணி நேரத் தாமதத்துக்கு 4.6 சேர்த்தால் 10.9. பெட்டிக்கு 11 கிலோ.

கட்டும் விதத்திலும் ஒரு பாடம் கிடைத்தது. இரண்டாவது அனுப்பலின்போது ஒப்படைக்கும் இடத்தில் ஒரு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், கோபமாகத்தான் இருந்தது, ஆனால் தவறு எங்களுடையது. பாதுகாப்பு என்று நினைத்து மச்சான் மூடியைச் சுற்றி மூன்று சுற்று அகலமான டேப் ஒட்டிக் காற்றுப் புகாமல் அடைத்திருந்தார். வாயு வெளியேற வழி இல்லாத பெட்டி வெடிக்கும். கொழும்பில் வாங்கிய சிப்ஸ் பை நுவரெலியாவுக்கு வந்தால் தலையணை மாதிரி உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளி அமுக்கம் குறைவதால் மட்டும். இங்கே உள்ளேயும் மணிக்கு இருநூறு லீற்றர் உற்பத்தியாகிறது. இப்போது மூடியின் நீளப் பக்கங்களில் மட்டும் ஒட்டி, அகலப் பக்கங்களை விட்டுவிடுகிறோம். ரெஜிபோம் பெட்டி அட்டைப் பெட்டிக்குள் போகிறது, அட்டையையும் காற்றுப் புகாமல் அடைப்பதில்லை.

அட்டையின் மேல் எழுத வேண்டியவை: டிரை ஐஸின் பெயர், யுஎன் 1845 என்ற எண், உள்ளே உள்ள ஐஸின் நிகர எடை கிலோகிராமில், அனுப்புபவர் பெறுபவர் முகவரி, பக்கத்தில் 9 ஆம் வகுப்பு ஆபத்துச் சரக்குக்கான சாய்சதுர ஸ்டிக்கர். சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐஏடிஏயின் விதிகளில் இதற்கான பொதி அறிவுறுத்தலின் எண் 954, ஒரு பொதிக்கு உச்சம் 200 கிலோ. பழம் ஆபத்தான பொருள் அல்ல என்பதால் தனியாக ஆபத்துச் சரக்குப் பிரகடனம் தேவையில்லை. விமானச் சரக்குச் சீட்டான எயார்வே பில்லில் பெயர், எண், எத்தனை பொதி, பொதிக்கு எவ்வளவு ஐஸ் என்பது இருந்தால் போதும். ஐஸ் எடையைக் குத்துமதிப்பாக எழுத வேண்டாம். ஒரு விமானத்தின் சரக்கறையில் எவ்வளவு ஏற்றலாம் என்று அந்த எண்ணை வைத்துத்தான் பார்க்கிறார்கள். எங்கள் நாட்டிலிருந்து அலங்கார மீன்களும் விமானத்தில் போகின்றன. உயிருள்ளவற்றை டிரை ஐஸின் அருகில் ஏற்றக் கூடாது. என் பெட்டியில் பொய் எழுதினால் அது யாரோ ஒருவருடைய மீனின் மூச்சு.

கையுறை பற்றி ஒரு வரி. ரப்பர் கையுறை போதாது, அது விறைத்து விரலோடு ஒட்டும். தடித்த தோல் கையுறை. மச்சானின் சுட்டுவிரலில் இன்னும் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது.

புதிய முறையில் முதல் தடவை போன ஐந்து பெட்டிகளில் ஒன்றைத் திறக்குமுன் எடை போட்டுப் படம் அனுப்பும்படி வாங்குபவரிடம் கேட்டிருந்தேன். ரெஜிபோம் பெட்டி மட்டும், 15.6 கிலோ. பழத்தையும் பெட்டியையும் கழித்தால் 4.5 கிலோ ஐஸ் மிச்சம். நான் எதிர்பார்த்தது 4.7. அந்தப் படத்தை மனைவிக்குக் காட்டினேன். "இருநூறு கிராம் எங்கே?" என்றாள்.

அடுத்த தடவை விமானம் ஏழு மணி நேரம் தாமதம். மிச்சம் 1.9 கிலோ. பழம் கல் மாதிரி.

இப்போது கவலை ஏப்ரல். சுற்றுலாச் சீசன் தொடங்கினால் நுவரெலியா வீதிகளில் வேன் நடக்கும், ஓடாது. கொப்பியில் வீதி என்ற வரியில் 6.5 ஐ வெட்டி 9 என்று எழுதியிருக்கிறேன். ஃபிரீசரில் பழம் -12 வரை ஏறலாம், அதை மறுபடி இழுக்கப் பெட்டிக்குக் கூடுதலாக நூறு கிராம் ஐஸ் போதும், அது பெரிய விஷயமில்லை. ஆனால் 4 மணிக்குக் கட்டி முடிக்க வேண்டுமென்றால் மாலை 6 மணிக்கே கிளம்ப வேண்டும், அந்த நேரத்தில்தான் கிரகரி வாவிப் பக்கம் ஊரே நிற்கும். அட்டன் வழியாக இறங்கிப் பார்க்கலாம் என்கிறார் வேன் அண்ணன். வரும் வெள்ளிக்கிழமை காலி ஃபிரீசரில் ஐம்பது கிலோ தண்ணீர்ப் போத்தல்களை உறைய வைத்து, வெப்பமானியோடு அந்த வழியில் ஒரு தடவை இறங்கிப் பார்க்கப் போகிறோம்.